ஈரச் செவ்வாயின் பதினைந்தாவது ரீமிக்ஸ்

மான்செஸ்டரில் மழை பெய்யாத நாளாவது வருடத்துக்கு நாலு உண்டு. எங்கள் வாரியத்தில் படிவம் நிரப்பாத நாள் கிடையாது.

வாரியத்தின் முழுப்பெயர் வடபகுதி ரீமிக்ஸ் ஒப்பாய்வு உயர் வாரியம். எண்பதுகளின் கடைசியில் இந்த ஊர்ப் பிள்ளைகள் பூட்டிக் கிடந்த பஞ்சாலைகளுக்குள் புகுந்து, வேர்த்து விறுவிறுத்து ஆடினார்களே, அந்த ஆசிட் ஹவுஸ், டெக்னோ பாட்டுகளைப் பற்றியதுதான் எங்கள் வேலை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஆளாளுக்கு ரீமிக்ஸ் போட்டிருக்கிறார்கள். எது அசல், எது எதைவிட உசத்தி என்று ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்ல ஐந்து உறுப்பினர்கள், ஒரு கால் கண்காணிப்பாளர், கூட்டக் குறிப்பு எழுத நான். என் பெயர் பாலின் ஹெஸ்கெத். இதற்குமுன் பூங்காத் துறையில் நாய் அசிங்கம் செய்த புகார்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே நான் எழுதியதை யாராவது படித்தார்கள்.

கால் கண்காணிப்பாளர் என்றால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் முதல் நாள் கேட்டேன். எங்கள் கேட்பறையில் பாட்டு ஒலிக்கும்போது யாரும் தாளம் போடக்கூடாது. காலாட்டினால் மனம் சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். சாய்ந்தவரின் கருத்து செல்லாது. அதைப் பார்ப்பதற்காகவே நாரிஸ் என்கிற மனிதர் ஒரு குட்டை முக்காலியில், மற்றவர்கள் முழங்கால் மட்டத்துக்கு முகத்தை வைத்துக்கொண்டு, பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். பாவம், ஊரில் எல்லாரையும் அவரவர் செருப்பை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிப்பார்.

பிஸ்கட்டை டீயில் நனைக்காமல் கடிக்கக்கூடாது, சத்தம் வரும். பேனா உள்ளே வரக்கூடாது. ஒருமுறை யாரோ பேனாவை ‘டிக்’கென்று அழுத்தியதை ஒரு அறிக்கையில் புதிய தாளக் கருவி என்று பதிவு செய்துவிட்டார்கள், மறுத்து எழுத இரண்டு வருடம் ஆயிற்று. அன்றிலிருந்து எல்லாருக்கும் பென்சில்தான்.

இன்னொரு சடங்கு இருக்கிறது, அது இல்லாவிட்டால் இந்தக் கதையே நடந்திருக்காது. விதிப்படி ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் வழக்கின் கோப்பு முழுவதையும் உரக்க வாசிக்க வேண்டும். முடிவில் அன்றைய குறிப்பை உரக்க வாசித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டு தடவையும் நான் தொண்டையைச் செருமுவேன். தலைவர் டாக்டர் க்ரிஸ்பின் லேதம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, “வாசித்ததாகக் கொள்வோம்” என்பார். ஐந்து தலைகளும் ஆடும். ஐந்து பென்சில்களும் கையெழுத்துப் போடும். ஒரு வருடம் எரிச்சல் தாங்காமல் குறிப்பின் நடுவே சீஸ், வெங்காயம் வைத்துச் சுடுகிற ‘பை’ பலகாரத்தின் செய்முறையை எழுதிவைத்தேன். அடுப்பின் சூடு உட்பட ஏகமனதாக நிறைவேறியது.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் போன பிப்ரவரியில் டெஸ்மண்டும் லோர்னாவும் வந்தார்கள்.

டெஸ்மண்ட் க்ரிம்ஷா பஸ் ஓட்டுகிறவர், ஐம்பத்தெட்டு வயது. லோர்னா முடி வெட்டும் கடை வைத்திருப்பவள், அதே வயது. ஜூன் பதினாலாம் தேதி வெள்ளிக்கிழமை இரண்டு பேருக்கும் கல்யாணம், எங்கள் கட்டடத்திலேயே, கீழ்த்தளத்துப் பதிவாளர் முன்னால். கல்யாணத்தில் மணமக்கள் ஆடும் முதல் ஆட்டத்துக்கு எந்தப் பாட்டு என்பதில் சண்டையே இல்லை. ‘ஈரச் செவ்வாய்’. எண்பத்தொன்பது ஆகஸ்டில், பிளாக்பர்ன் பக்கம் ஒரு பாழடைந்த ஆலையில், விடிந்து வெளிச்சம் வந்த நேரத்தில் அந்தப் பாட்டு ஒலிக்கும்போதுதான் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அன்றைக்கே தொலைத்தும்விட்டார்கள். பெயர்கூடச் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. முப்பத்து மூன்று வருடம் கழித்து ஒரு மழை நாளில் லோர்னா குடையை உதறிக்கொண்டே அவர் பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். டெஸ் கண்ணாடியில் பார்த்தார். மூன்று நிறுத்தங்களில் நிறுத்தாமலே ஓட்டியிருக்கிறார். புகார் வந்ததாம், இன்னும் விசாரணையில் இருக்கிறது.

சண்டை எதில் என்றால், எந்த ரீமிக்ஸ் என்பதில்.

எண்பத்தொன்பதில், அந்த ஆட்டம் முடிந்த அடுத்த வாரமே டெஸ் கடை கடையாக அலைந்து அந்தப் பாட்டின் இசைத்தட்டை வாங்கிவிட்டார். அந்தக் காலத்தில் இப்படித்தான், நடுவில் வெறும் வெள்ளைக் காகிதம், பெயரும் கிடையாது, ஊரும் கிடையாது. அதில் நாலு நிமிடம் பன்னிரண்டாவது வினாடியில் ஒரு பியானோ வரும். அதுவரை குழாயில் தண்ணீர் வராமல் காற்று மட்டும் வருகிற மாதிரி ‘கொய்ங் கொய்ங்’ என்று நெளிந்துகொண்டிருக்கிற பாட்டு, அந்த இடத்தில் ஜன்னலைத் திறந்துவிட்டாற்போல் ஆகிவிடும். டெஸ் முப்பத்தைந்து வருடமாகப் பிறந்தநாள் தோறும் அதைப் போட்டுக் கேட்டவர். லோர்னா கேட்டுவிட்டு, இது இல்லவே இல்லை, அன்றைக்கு ஒலித்ததில் பியானோவே கிடையாது என்றாள்.

“நான் இங்க நிக்கறேன், அது ஒலிக்குது. பியானோ இருந்தா எனக்குக் கேக்காதா? நான் என்ன செவிடா?” என்றாள் எங்கள் முகப்பு மேசையில் கையை ஊன்றிக்கொண்டு.

டெஸ் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, “இருபது வருஷம் தலைமுடி காயவைக்கிற மிஷின் பக்கத்துல நின்னவங்க, நான் ஒண்ணும் சொல்லல” என்றார்.

சிரிக்கிறார்களே என்று நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே ஒரு முள் இருந்தது. அன்றைக்கு ஆலையில் லோர்னா பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனவள் திரும்பவில்லை என்பது டெஸ்ஸின் கணக்கு. திரும்பி வந்தபோது டெஸ் இல்லை என்பது லோர்னாவின் கணக்கு. பாட்டே வேறு என்றால், அன்றைக்குத் தன்னுடன் ஆடியதை வேறு எவனுடனோ குழப்பிக்கொள்கிறாளோ என்று அந்த மனிதருக்குச் சந்தேகம். வாய்விட்டுச் சொல்லவில்லை. தட்டை மேசையில் வைத்தபோது கை உடனே விடவில்லை, அதில் தெரிந்தது.

ஒரே ஒரு பிரதி. ஒப்பிட்டுச் சொல்லிவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்து வந்தார்கள். பிள்ளைப்பூச்சிகள். நான் பதினெட்டுப் பக்கப் படிவத்தை ஆளுக்கொன்று கொடுத்தேன். தட்டைத் தற்காலிகக் காவலில் எடுத்துக்கொண்டேன். அதுதான் விதி. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம்கூட வெட்கமாக இல்லை, இதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் அமர்வு ஏப்ரலில். கோப்பு வாசித்ததாகக் கொள்ளப்பட்டது. கேட்பறையில் தட்டு சுழற்றும் இயந்திரம் இரண்டு உண்டு, இடதுபக்க இயந்திரத்தில் தட்டை வைத்தார்கள். குழல்விளக்கு வெளிச்சத்தில், முதுகு நிமிர்ந்த நாற்காலிகளில், காலை பத்து மணிக்கு, ஊறிப்போன பிஸ்கட்டோடு ‘ஈரச் செவ்வாய்’ ஒலித்தது. நாற்பதாவது வினாடியில் நாரிஸ் கையைத் தூக்கினார். சாட்சியின் வலது கால், மூன்று முறை. டெஸ் குனிந்து தன் காலைப் பார்த்தார், அது வேறு யாருடையதோ என்பதுபோல. சாட்சி தகுதியிழந்தார்.

லோர்னாவுக்குப் பொறுக்கவில்லை. இது ஆடுவதற்காகப் போட்ட பாட்டுதானே, ஆடாமல் எப்படித் தெரியும் என்று கேட்டாள். டாக்டர் லேதம் அவளைப் பரிவாகப் பார்த்தார்.

“அம்மா, இந்த இசையை ரசிச்சவங்க கையில விட்டிருந்தா இன்னேரம் அது என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. நான் வாழ்க்கையில ஒரு தடவைகூட ஆடினதில்ல. ஆலைப் பக்கமும் போனதில்ல. உண்மையைச் சொன்னா எனக்கு இந்தச் சத்தம் பிடிக்கவும் பிடிக்காது. அதனாலதான் முப்பது வருஷமா என் தீர்ப்புல ஒரு சாய்வு கிடையாது.”

உறுப்பினர்கள் மேசையைத் தட்டவில்லை, தட்டினால் தாளமாகிவிடும். புருவத்தை உயர்த்திப் பாராட்டினார்கள்.

இரண்டாம் அமர்வு மே மாதம். இந்தத் தடவை தட்டு வலதுபக்க இயந்திரத்தில் ஏறியது. அந்த இயந்திரங்களின் ஓரத்தில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்னக் கட்டை இருக்கும், விரலால் தள்ளுவது. துப்புரவு செய்கிற பெண் தூசி தட்டும்போது வலதுபக்கக் கட்டை ஒரு விரல் அளவு நகர்ந்துவிட்டிருந்தது. ஏப்ரலில் ஏழு நிமிடம் ஐம்பத்தெட்டு வினாடி ஓடிய பாட்டு, மேயில் ஏழு நிமிடம் முப்பத்தைந்தில் முடிந்தது. சுருதியும் ஒரு பிடி மேலே.

வாரியத்தின் கண்களில் ஒளி வந்தது. தலைவரோடு ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத உறுப்பினர் ஓடெட் மார்ஸ்டன் அம்மாள் (அவர் அடித்தாளக் கட்சி, இவர் மேல்ஸ்தாயி கட்சி) எழுந்து வந்து தலைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஈரச் செவ்வாய்க்கு இதுவரை பதிவான ரீமிக்ஸ் பதினாலு. இந்த ஒற்றைத் தட்டுக்குள் பதினைந்தாவது ஒளிந்திருக்கிறது.

பார்வையாளர் நாற்காலியிலிருந்து டெஸ் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். “டாக்டரே, அந்த வண்டி கொஞ்சம் வேகமா ஓடுது. அந்தக் கட்டையை நடுவுல வெச்சீங்கன்னா…”

தகுதியிழந்த சாட்சி இயந்திரங்களைப் பற்றிப் பேசக்கூடாது என்று சொல்லி அவரை உட்கார வைத்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் கதை கட்டுகிறேன் என்பீர்கள். பதினைந்தாவது ரீமிக்ஸைப் பற்றி அறுபத்திரண்டு பக்கத்தில் அறிக்கை வந்தது. பெர்லினிலிருந்து மூன்று அறிஞர்கள் வந்தார்கள். ஏப்ரல் ரீமிக்ஸில் தொழிலாளி வர்க்கத்தின் சோர்வு இருக்கிறது, மே ரீமிக்ஸில் நம்பிக்கை இருக்கிறது என்று ஒருவர் நிரூபித்தார். டெட்ராய்ட்டிலிருந்து ஒரு மனிதரை வரவழைத்தார்கள். இந்த மாதிரிப் பாட்டுகளைத் தன் கையாலேயே செய்தவர், பருத்த சரீரம், மெதுவாகப் பேசுவார். அரை நிமிடம் கேட்டுவிட்டு, “வேகம் கூட இருக்கு கண்ணு, சரி பண்ணுங்க” என்றார். இசையைச் செய்தவர் என்பதால் அவர் சம்பந்தப்பட்ட தரப்பு, அவர் கருத்து செல்லாது என்று குறிப்பில் எழுதச் சொன்னார்கள். அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டோம். போகும்போது நாரிஸைத் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

ஒரே தட்டில் இரண்டு ரீமிக்ஸ் இருப்பதால் தட்டு பாதுகாக்கப்பட்ட பொருளாகிவிட்டது. இனி கட்டடத்தைவிட்டு வெளியே போகக்கூடாது. ஜூன் முதல் வாரத்தில் அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்து அனுப்பியது நான்தான். மறுநாள் டெஸ் சீருடையோடு வந்து நின்றார். சத்தம் போடவில்லை. கல்யாணத்துக்கு மட்டும் மூன்று மணி நேரம் தர முடியுமா, அன்றைக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன் என்றார். முடியாது என்று சொன்னேன். பரவாயில்லை என்றார். எனக்கு வந்த கோபத்தில் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. திட்டவேண்டிய ஆள் வரிசையில் நானும் இருந்தேன்.

அன்றைக்குச் சாயந்திரம் ஏதாவது ஓட்டை கிடைக்குமா என்று அந்தக் கோப்பை எடுத்து உட்கார்ந்தேன். எங்கள் வாரியத்தில் ஒரு கோப்பை ஒருவர் முதல் பக்கத்திலிருந்து படித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். லோர்னாவின் படிவத்தில் பதினோராம் பக்கம் வந்தபோது நிறுத்திவிட்டேன். மறுபடி படித்தேன். நல்ல கேள்விதான் கேட்டிருக்கிறோம். பதிலைத்தான் யாரும் பார்க்கவில்லை.

பதினாலாம் தேதி பதினோரு மணிக்குக் கீழே கல்யாணம் முடிந்தது. பன்னிரண்டு மணிக்கு மேலே இறுதி அமர்வு. மணமகன் சட்டையில் பூவோடும், மணமகள் பச்சைப் பட்டுச் சட்டையோடும், பின்னால் பஸ் டிப்போ ஆட்கள் இருபது பேரோடும் படியேறி வந்தார்கள். நாரிஸ் இத்தனை புதுச் செருப்புகளை ஒன்றாகப் பார்த்துத் திணறிப்போனார்.

நான் தொண்டையைச் செருமினேன். டாக்டர் லேதம் கண்ணாடியைக் கழற்றி, “வாசித்ததாகக்…” என்றார்.

“வாசிக்கிறேன்” என்றேன்.

ஓடெட் மார்ஸ்டன் அம்மாளின் பிஸ்கட் டீக்குள் உடைந்து விழுந்தது. விதியில் அப்படித்தான் இருக்கிறது, தடுக்க விதியில்லை. மற்ற பக்கங்களைத் தள்ளிவிட்டு நேராகப் பதினோராம் பக்கத்துக்குப் போனேன்.

“கேள்வி: பாட்டு ஒலித்தபோது இடத்தைவிட்டு நகர்ந்தீர்களா? ஆம் எனில் ஏன், எவ்வளவு நேரம்? பதில்: நகர்ந்தேன். பாத்ரூமுக்கு என்று அவரிடம் சொன்னேன், அது பொய். என் போன் நம்பரை எழுதிக்கொடுக்கப் பேனா வேண்டியிருந்தது. வெளியே பர்கர் வண்டிக்காரர் காதில் பேனா சொருகியிருந்தார். எனக்கு முன்னால் வரிசையில் பதினோரு பேர். ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது பாட்டின் கடைசிப் பகுதி போய்க்கொண்டிருந்தது, அவர் இல்லை. பேனா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கவில்லை என்பது உறுத்துகிறது.”

டிப்போ ஆட்களில் ஒருவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்; பதினோரு பேர், பதினோரு பர்கர், வெங்காயம் வதங்கவேண்டும். அஞ்சு நிமிடத்துக்குக் குறையாது என்று மெதுவாகச் சொன்னார்.

டெஸ் எழுந்து நின்றார். “நீ ஓடிட்டேன்னு நெனச்சேன். பியானோ முடியற வரைக்கும் அசையாம அங்கதான் நின்னேன். அப்புறம் பின்கதவுப் பக்கம் தேடிப் போனேன்.”

“நான் முன்கதவு வழியா வந்தேன்” என்றாள் லோர்னா. கைப்பையைத் திறந்து, மேல்முனை கடித்துக் கூழான ஒரு நீலப் பிளாஸ்டிக் பேனாவை எடுத்தாள்.

“பேனா!” என்று அலறினார் டாக்டர் லேதம்.

யாரும் அவரைச் சட்டை செய்யவில்லை. லோர்னாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. “ஒரு பேனா கேக்கறதுக்கு வரிசையில நின்னிருக்கேன் பாரு, லூசு மாதிரி. அன்னிக்கு நடுவுல பூந்து போயிருந்தா முப்பத்து மூணு வருஷம் மிச்சமாயிருக்கும் டெஸ்.”

டெஸ் நேர்மையான மனிதர், யோசித்துத்தான் பதில் சொன்னார். “வரிசையில பூந்து வர்ற பொண்ணை நான் கட்டியிருக்க மாட்டேன்.”

டிப்போவே ஆமாம் என்று தலையாட்டியது. இந்த நாட்டில் அதற்கு மேல் ஒரு காதல் வசனம் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பியானோ இருந்தது, இவள் கேட்கவில்லை. தட்டு ஒன்றுதான், ரீமிக்ஸ் ஒன்றுதான், சண்டை முடிந்தது. இதற்குப் பிறகாவது தட்டைக் கொடுத்துவிடுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். டாக்டர் லேதம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“மனசைத் தொடற விஷயம்தான். ஆனா இப்ப புதுசா ஒரு கேள்வி வருது. பர்கர் வரிசையில சுவருக்கு வெளியே நின்னு கேட்டா பியானோ இல்லாம வெறும் அடித்தாளம்தானே கேட்டிருக்கும்? அப்ப அது பதினாறாவது ரீமிக்ஸ் இல்லையா? உண்மை தெரிஞ்சுபோச்சுங்கறதுக்காக விசாரணையை நிறுத்திட்டா அப்புறம் நாம எதுக்கு? செப்டம்பர் வரைக்கும் ஒத்திவைக்கிறேன். தட்டு இங்கதான் இருக்கும்.”

டெஸ் லோர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று மணிக்குப் பக்கத்துத் தெரு பப்பில் விருந்து. முதல் ஆட்டத்துக்கு வேறு ஏதாவது போட்டுக்கொள்ளலாம் என்று அவர் அவளிடம் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

நான் பென்சிலைக் கூராக்கினேன். அன்றைய குறிப்பை எழுதி முடித்தேன். ஐந்து வரிதான். எழுந்து நின்று தொண்டையைச் செருமினேன். மறுபடியும் இவள் வாசித்துத் தொலைக்கப்போகிறாளே என்று பயந்து, ஐந்து பேரும் ஒரே நேரத்தில், இவ்வளவு உரக்க நான் கேட்டதே இல்லை, “வாசித்ததாகக் கொள்வோம்” என்றார்கள். தாளை நீட்டினேன். ஐந்து கையெழுத்தும் விழுந்தன.

நேராக இயந்திரத்துக்குப் போய்த் தட்டை எடுத்து உறையில் போட்டு டெஸ் கையில் கொடுத்தேன்.

“என்ன இது?” என்றார் தலைவர்.

“தீர்மானம் டாக்டர். கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

வாங்கிப் படித்தார். படித்துப் பழக்கமில்லாததால் நேரம் பிடித்தது. ‘தட்டை உரியவர்களிடம் இன்றே, இப்போதே ஒப்படைப்பது. ஏகமனதாக நிறைவேறியது. வலதுபக்க இயந்திரத்தின் வேகக் கட்டையை நடுவில் வைப்பது. அதுவும் ஏகமனதாக.’

“இதை… நாம தீர்மானிச்சோமா?” என்று உறுப்பினர்களைப் பார்த்தார்.

படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஓடெட் மார்ஸ்டன் அம்மாள்தான் முதலில் சமாளித்தார். “ஆமாம் க்ரிஸ்பின். நீண்ட விவாதத்துக்கப்புறம்தானே.”

“ஆமாமா,” என்றார் டாக்டர் லேதம். “காரசாரமான விவாதம்.”

மூன்று மணிக்குப் பப்பில் தட்டு சுழன்றது. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், நாரிஸையும். டெஸ்ஸும் லோர்னாவும் நடுவில் நின்று, ஐம்பத்தெட்டு வயது முழங்கால்கள் அனுமதித்த அளவுக்கு ஆடினார்கள். மூன்றாவது நிமிடத்தில் ஒரு அத்தைக்காரி சாப்பாடு ஆறுகிறது, வரிசை நீளுகிறது, வந்து நில் என்று லோர்னாவின் கையைப் பிடித்து இழுத்தாள். லோர்னா கையை உதறிவிட்டாள். நாலு பன்னிரண்டில் பியானோ வந்தது.

நாரிஸ் பழக்க தோஷத்தில் பென்சிலை எடுத்து ஆடுகிற கால்களை எண்ண ஆரம்பித்திருந்தார். அறுபத்து நாலு என்று என்னிடம் காட்டினார். நான் கீழே அவர் செருப்புகளைப் பார்த்துவிட்டு, அறுபத்தாறு என்று திருத்தினேன்.